கரம்பொன் தந்த பதிப்பாசிரியர்

1679 ஆம் ஆண்டு கேரளத்து அம்பலக்காட்டில் ஒரு தமிழ் – போர்த்துக்கேய அகராதி அச்சேறியது. தொகுத்தவர் அந்தாவோ தெ புரோயென்சா என்ற இயேசு சபைக் குரு. தம் உழைப்பு அச்சில் வருவதைக் காண அவர் உயிரோடு இல்லை. மரத்தில் வெட்டிய எழுத்துகளைக் கொண்டு அச்சிட்ட அந்த அகராதி, தமிழ் வழங்கும் நிலங்களில் மறந்தே போயிற்று. ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்தில் தப்பிக் கிடந்தது. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு கழித்து, 1966 இல், அதே பக்கங்கள் ஒளிப்பட அச்சில் கோலாலம்பூரில் வெளிவந்தன. பதிப்பித்தவர் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொன்னில் பிறந்தவர்.

சேவியர் தனிநாயகம் அடிகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் மாநாடுகளிலிருந்துதான் தொடங்குவார்கள். 1966 இல் கோலாலம்பூர், 1968 இல் சென்னை, 1970 இல் பாரிஸ், 1974 இல் யாழ்ப்பாணம் என்று வரிசை நீளும். உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கண்டவர், நாடுதோறும் சென்ற தமிழ்த் தூதர் என்ற இரண்டு வரியோடு அறிமுகம் முடிந்துவிடும். அதில் பிழையேதும் இல்லை. ஆனாலும் அவருடைய உழைப்பில் பெரும்பங்கு மேடைக்கு வெளியே நடந்தது. கட்டுரை கேட்டுக் கடிதம் எழுதினார்; வந்ததைத் திருத்தினார்; அச்சுப்படி பார்த்தார்; எந்த நூலகத்தில் எந்தத் தமிழ்ச்சுவடி கிடக்கிறது என்று தேடிக் குறித்துவைத்தார். யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகம் தந்த மிகப் பெரிய பதிப்பாசிரியர் என்றே நான் அவரைக் கருதுகிறேன். அவர் விட்டுச்சென்றவற்றுள் அந்த ஒன்றைத்தான் நாம் பேணாமல் விட்டோம் என்பது என் ஆதங்கம்.

1913 ஓகஸ்ட் 2 ஆம் திகதி பிறந்தார். தாயாரின் ஊர் கரம்பொன். தந்தை வழி வேர் நெடுந்தீவில். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பாடசாலை, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம், பிறகு றோமில் உர்பன் பல்கலைக்கழகம் என்று படிப்பு நகர்ந்தது. 1938 இல் குருவானார். இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியரானார்.

அங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் கைவந்த அந்த இளம் குருவுக்குத் தமிழ் இலக்கியத்தில் ஆழமான பயிற்சி இருக்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு வகுப்பு நடத்த அவர் விரும்பவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். 1945 இல், முப்பது வயது கடந்த நிலையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை படிக்கச் சேர்ந்தார். தொடர்ந்து சங்கப் பாட்டில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்தார். அந்த ஆய்வு நூலாகி, 1966 இல் 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு பம்பாயில் மறுபதிப்பானது.

வேர்ஜிலையும் தாந்தேயையும் படித்துவிட்டுச் சங்கப் பாடலுக்கு வந்தவர் அவர். நம்மிற் பலருக்கு வழி மறுபக்கமாக இருக்கும். பலருக்கு அந்த மறுபக்கம் கிடைப்பதேயில்லை. கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளின் பக்கத்தில் குறிஞ்சியையும் நெய்தலையும் வைத்துப் பார்க்க அவருக்கு இயன்றது. அப்படிப் பார்த்தபோது எழுந்த வியப்பும், இதை வெளியே ஒருவருக்கும் தெரியவில்லையே என்ற வேதனையும் சேர்ந்துதான் அவரைப் பதிப்பாசிரியராக்கின என்று நினைக்கிறேன். 1949 முதல் யப்பான், அமெரிக்கா என்று பல நாடுகளுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். இந்தியப் பண்பாடு என்றால் வடமொழி ஒன்றே என்ற எண்ணம் அறிஞர்களிடமும் வேரூன்றியிருந்த காலம் அது. சொற்பொழிவு முடிந்ததும் ஒருவர், "இதையெல்லாம் எங்கே படிக்கலாம்?" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்க ஓர் இதழும் இல்லை.

அந்தக் குறையை அவரே தீர்த்தார். 1952 பெப்ரவரியில் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழின் முதல் இதழ் தூத்துக்குடியிலிருந்து வந்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்னரே அங்கே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியிருந்தார். பின்னாளில் இதழ் சென்னைக்கு மாறித் தமிழ்ப் பண்பாட்டுக் கழகத்தின் சார்பில் வந்தது. ஆசிரியர் தூத்துக்குடியில் இருந்தார், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார், இலண்டனில் ஆய்வு மாணவராக இருந்தார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தார். இதழ் 1966 வரை வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு தொகுதிகள்.

இந்தப் பன்னிரண்டு தொகுதிகள் சும்மா வந்துவிடவில்லை. ஒக்ஸ்போர்டில் பறோ, அமெரிக்காவில் எமனோ, பாரிசில் பிலியோசா, பிராகில் கமில் சுவெலபில் ஆகியோரின் ஆய்வுலகத்தையும், தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற நம் அறிஞர்களின் உலகத்தையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவருவது அன்று எளிதாக இருந்திருக்க முடியாது. தட்டச்சுப் பொறியும் தபாலும்தான் கருவிகள். வெளிநாட்டுக் கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்காகும். உரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்களைப் பிழையின்றி, முதற்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் ஒரே முறையில் அச்சுக்கோக்க வைப்பதே தனி வேலை. மேற்கோள் காட்டிய பாடலின் எண் சரியா என்று பார்க்க வேண்டும். தமிழ் தெரியாத வாசகருக்குத் திணையும் துறையும் விளங்கும்படி பாட்டை ஆங்கிலத்தில் தர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பையும் பல இடங்களில் அவரே செய்தார். இயற்கை பற்றிய அவரது நூலைத் திறந்தால், வாதம் ஒரு பக்கம் நடக்க, மொழிபெயர்த்த பாடல்கள் மறுபக்கம் அந்த வாதத்தைத் தூக்கி நிறுத்துவதைக் காணலாம்.

எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிட்டவையும் உண்டு. அவருடைய எழுத்திலேயே தமிழரின் மாந்தநேயத்தைப் பேசும் இடங்களில், சான்றைவிட அன்பு ஓரடி முன்னால் போய்விடுவதைப் பார்க்கிறோம். ஆயினும் கறாரான மொழியியல் கட்டுரையையும் அத்தகைய கட்டுரையையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டையும் உலகம் மதிப்பிடட்டும் என்று விட்டவர் அவர். நல்ல இதழாசிரியருக்கு இந்தத் துணிவு வேண்டும். தமக்குப் பிடித்ததை மட்டும் வெளியிட்டிருந்தால் அந்த இதழ் இவ்வளவு காலம் மேற்கோள் காட்டப்பட்டிருக்காது.

அவர் தேடிக் கண்ட பழைய அச்சு நூல்களின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகளையும் முதல் அச்சு நூல்களையும் பற்றித் தம் இதழில் எழுதினார். 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் – போர்த்துக்கேயச் சிறுநூல், 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்', மறுவருடம் கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்', 1586 இல் வந்த அடியார் வரலாறு எல்லாம் அவர் எழுத்தின் வழியாகவே நம்மவர் பலருக்குத் தெரியவந்தன. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ் என்று இன்று பள்ளிப் பிள்ளையும் பெருமையோடு சொல்கிறது. அந்தப் பெருமைக்குப் பின்னால், நூலகப் பட்டியல்களில் விரல் வைத்து வரி வரியாகத் தேடிய ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

தேடியதோடு அவர் நிற்கவில்லை. அவர் நிறுவிய தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம், இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் அடிகளைக் கொண்டு 1963 இல் 'தம்பிரான் வணக்க'த்தையும், 1967 இல் அடியார் வரலாற்றையும் பதிப்பித்தது. புரோயென்சாவின் அகராதியைத் தாமே வெளியிட்டார். அதே 1966 இல் தமிழியல் நூல்களுக்கான ஒரு வழிகாட்டி அட்டவணையையும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே கொண்டுவந்தார். ஆராய்ச்சி மாணவன் முதலில் கை வைக்க வேண்டிய நூல் எது என்று சொல்லித்தரும் இத்தகைய அட்டவணையைச் செய்கிறவருக்குப் பொன்னாடை கிடைக்காது. அதைச் செய்யாத மொழியில் ஆராய்ச்சி வளராது. அதை அறிந்தே அவர் செய்தார்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளரின் 26 ஆவது அனைத்துலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த அறிஞர்களைச் சேர்த்து, தமிழறிஞர் வ.அய். சுப்பிரமணியத்துடன் கைகோத்து, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார் அடிகள். பிலியோசா தலைவரானார், தனிநாயகமும் சுவெலபிலும் செயலாளர்கள். மன்றத்தின் முதற் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் அவருக்குப் புதியவர்களல்லர். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இதழ் நடத்தியதால் உருவான உறவுகளே அந்த மன்றத்தைச் சாத்தியமாக்கின. இதழ் முதலில், மாநாடு பிறகு. இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

மாநாடு முடிந்த பிறகும் அவருக்கு வேலை முடியவில்லை. கோலாலம்பூர் மாநாட்டுக் கட்டுரைகள் இரண்டு பெருந்தொகுதிகளாக வந்தன. பாரிஸ் மாநாட்டின் கட்டுரைகளைப் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவுடன் சேர்ந்து பதிப்பித்தார். 1973 இல் புதுச்சேரியில் அது வெளியானது. 1969 இல் மன்றத்துக்கென ஒரு தமிழாய்வு இதழையும் தொடங்கி வைத்தார். சென்னைத் தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றிய பின் அந்த இதழ் அங்கே போய்ச் சேர்ந்தது.

யாழ்ப்பாண மாநாட்டைப் பற்றி இங்கே விரித்து எழுதவில்லை. 1974 ஜனவரி 10 ஆம் திகதி இரவு மாநாட்டுக் கூட்டத்தில் ஒன்பது பேரின் உயிரைப் பறித்த நிகழ்வு, மாநாட்டில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளையெல்லாம் நம் நினைவிலிருந்து தள்ளிவிட்டது. அது இயல்பே, இறந்தவர்களே முதலில் நினைவுக்கு வர வேண்டும். எனினும் அந்தக் கட்டுரைகளில் ஒரு பகுதியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1980 இல் அச்சில் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அத்தனை துயரத்துக்குப் பிறகும் ஒருவர் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார். அடிகள் காட்டிய வழி அது.

அதே 1980 செப்டெம்பர் முதலாம் திகதி அடிகள் யாழ்ப்பாணத்தில் காலமானார். அவ்வாண்டில் தந்தை செல்வா நினைவுப் பேருரையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாராய்ச்சியின் கடந்த காலமும் எதிர்காலமும். ஒன்பது மாதம் கழித்து, 1981 மே மாத இறுதியில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகம் முழுவதும் ஒவ்வொரு பிரதியாகத் தேடியவரின் சொந்த மண்ணில் அது நடந்தது. அவர் அதைப் பார்க்காமல் போனார் என்று ஆறுதல்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் அடுத்த நாளே எந்த நூலின் வேறு பிரதி எங்கே இருக்கிறது என்று பட்டியல் போடத் தொடங்கியிருப்பார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் மாநாடுகள் வளர்ந்தன. பந்தல் பெரிதானது, ஊர்வலம் நீண்டது, ஆட்சியாளர்களின் வருகையே செய்தியானது. கட்டுரை வாசிக்கும் அரங்கு ஓரத்துக்குப் போனது. கூட்டம் கூடுவதை நான் குறை சொல்லவில்லை. மொழியைக் கொண்டாட மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கொண்டாட்டத்துக்குத் திரட்டும் பணத்தில் மிகச் சிறிய பங்கேனும் ஓர் இதழுக்கும், அதற்கு முழுநேரம் உழைக்கும் ஆசிரியருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும் போகவேண்டாமா? இரண்டு வருடம் உழைத்து ஒரு நூலை மொழிபெயர்க்கிறவருக்கு நம் சமூகம் கொடுப்பது பெரும்பாலும் வெளியீட்டு விழாவில் ஒரு பூமாலைதான்.

வேறு மொழிகளில் இது வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. குஜராத்தியில் போளாபாய் படேல் என்றொருவர் இருந்தார். குஜராத்தி சாகித்திய பரிஷத்தின் 'பரப்' இதழைப் பல ஆண்டுகள் நடத்தினார். வங்காளியிலிருந்தும் பிற மொழிகளிலிருந்தும் குஜராத்திக்கு மொழிபெயர்த்துக்கொண்டேயிருந்தார். இதழ் நடத்துவதும் மொழிபெயர்ப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது. தனிநாயகம் அடிகளுக்குப் பின்னால் நின்றவர்கள் சில நண்பர்கள். அவருடைய இதழ் 1966 இல் நின்றபோது அதை அதே வடிவில் தூக்கிப்பிடிக்க ஓர் அமைப்பு இருக்கவில்லை.

இனித் தீவகத்துக்கு வருகிறேன். 1990க்குப் பின்னர் தீவகம் வெறிச்சோடியது எல்லோருக்கும் தெரியும். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மக்கள் பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்தந்த நாட்டுமொழியில் படித்து, அந்த மொழியிலேயே கனவு காண்கிறார்கள். இதை இழப்பாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். தனிநாயகம் அடிகள் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஓர் ஆளைத் தேடி எத்தனை கடிதம் எழுதியிருப்பார்! இன்று அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தீவக வீட்டிலும் ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஊர்க்கோயில் திருப்பணிக்குக் காசு கேட்கிறோம். பழைய பாடசாலைக்கு மதில் கட்டக் காசு கேட்கிறோம். ஒரு நூலை மொழிபெயர்த்துத் தா என்று கேட்டதில்லை.

மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணிலிருந்தே சொல்லலாம். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ப் என்றும் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் நகரங்களின் பெயரைச் சூட்டி ஒன்றேகால் நூற்றாண்டுக்குக் குறையாமல் இங்கு இருந்தார்கள். யார் காணி, யார் குடி, என்ன வரி என்று தோம்பு எழுதிவைத்தார்கள். நம் தேசவழமைச் சட்டத்தை 1707 இல் தொகுத்தவரே கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. அவர் தம் மொழியில் எழுதியதை யான் பிருஸ் என்பவர் தமிழாக்க, பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்பினார்கள். யாழ்ப்பாணத்தார் காணிக்கும் சீதனத்துக்கும் நீதிமன்றத்தில் இன்றும் காட்டும் சட்டம் ஒரு மொழிபெயர்ப்பாளர் கைபட்டு வந்தது. ஒல்லாந்த மொழியிலும் போர்த்துக்கேயத்திலும் உள்ள ஆவணங்களில் தமிழில் வராதவை இன்னும் ஏராளம். பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968 இல் வெளியிட்டார். அதற்கு அவர் எழுதிய ஆராய்ச்சி முன்னுரை நம் பல்கலைக்கழக மாணவனின் கையில் தமிழில் இருக்க வேண்டும்.

இதைவிட அருகில் இருப்பது 'தமிழ்க் கல்ச்சர்' தொகுதிகளே. தமிழைப் பற்றி உலகுக்குச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அவை. அன்று அதுவே தேவையாயிருந்தது. இன்று தீவகத்தில் தமிழ் மட்டும் படித்த ஓர் ஆசிரியைக்கு, தன் ஊரவர் ஒருவர் பதினான்கு ஆண்டு நடத்திய இதழில் என்ன இருந்தது என்று படித்தறிய வழியில்லை. முதலில் பன்னிரண்டு தொகுதிகளுக்கும் ஒரு முழுமையான பொருளடைவு வேண்டும். அதிலிருந்து காலத்தைத் தாண்டி நிற்கும் கட்டுரைகளைத் தெரிவுசெய்து, பின்வந்த ஆய்வுகள் எதை மறுத்தன, எதை உறுதிசெய்தன என்ற குறிப்போடு தமிழில் கொண்டுவர வேண்டும். வெறும் புகழ்மலராக அது வரக்கூடாது. அடிகள் மற்றவர் எழுத்தைத் திருத்தியதுபோல அவர் எழுத்தையும் யாராவது கண்டிப்போடு பதிப்பிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் இருக்கிறது. அவர்கள் வளர்த்தெடுத்த வழிமுறைகளும் பயிற்சி பெற்ற இளைஞர்களும் இருக்கிறார்கள். வெளிநாடுகளில் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. ஊர்காவற்றுறையிலோ கரம்பொன்னிலோ திருத்தி எடுக்கக்கூடிய பழைய கல்வீடுகள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, நல்ல அகராதிகளும் இணைய வசதியும் வைத்து, ஆண்டுக்கு நான்கு மொழிபெயர்ப்பாளர்களை மூன்று மூன்று மாதம் தங்கவைத்து, சாப்பாடும் மாதச் சம்பளமும் கொடுக்கலாம். பாரிசிலிருந்து வரும் பிள்ளை ஒன்றையும் நெடுந்தீவிலிருந்து வரும் தமிழாசிரியர் ஒருவரையும் ஒரே மேசையில் இருத்தலாம். பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியும், ஆசிரியருக்குத் தமிழ் தெரியும். மூன்று மாதத்தில் இருவரும் ஒரு நூலில் பாதியையாவது முடித்துவிடுவார்கள். கோயில் கும்பாபிசேக மலருக்குச் செலவழிக்கும் தொகையே முதலாம் ஆண்டுக்குப் போதும்.

பொருளடைவு வேலையை இன்றே தொடங்க முடியும். தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த இருவர், ஒரு மேற்பார்வையாளர், ஓர் ஆண்டுச் சம்பளம். வேறொன்றும் தேவையில்லை. தீவகத்து ஊர்ச்சங்கம் ஒன்று இந்தச் செலவை ஏற்க முன்வந்தால், பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மேற்பார்வைக்கு ஒருவரைத் தர மறுக்காது என்று நம்புகிறேன். தொகுதிகளைத் தேடிக் கோர்ப்பதில் இடர் வந்தால் தூத்துக்குடி, சென்னை, கோலாலம்பூர், பாரிஸ் நூலகங்களுக்குக் கடிதம் எழுதலாம்.